மீன் தொட்டிச் செடிகளில் இலைகள் மடிவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் சேலம் நகரிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சொல்கின்றன. மீன்கள் நலமாக இருக்கின்றன. செடிகளின் இலைகள் மட்டும் மஞ்சளாகி, ஓட்டை விழுந்து, கரைந்து போகின்றன. அக்கடிதங்களிலிருந்து ஒன்றுக்கொன்று மாறுபட்ட சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மூன்றடித் தொட்டி ஒன்றில் அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், ஹைக்ரோஃபிலா ஆகிய செடிகளைக் கடையில் வாங்கி வந்து நட்டேன். வாங்கியபோது இலைகள் தடித்து, பளபளவென்று இருந்தன. ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாகக் கண்ணாடி போல் ஆகி, தொட்டாலே கரையத் தொடங்கின. கிரிப்டோகோரைனில் இப்போது ஓர் இலைகூட இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி நடலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: தயவு செய்து பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தாங்கள் விவரித்திருப்பது, பெரும்பாலும், இடம் மாறிய செடி தன் பழைய இலைகளைக் கழித்துவிட்டுப் புதிய இலைகளுக்கு ஆயத்தமாகும் நிலையே.

கடைகளுக்கு வரும் நீர்ச்செடிகளில் பெரும் பகுதி, பண்ணைகளில் வேர் மட்டும் ஈரத்திலும் இலைகள் காற்றிலும் இருக்குமாறு வளர்க்கப்படுபவை. அப்படி வளர்த்தால் செடி விரைவாகப் பெருகும், பாசி பிடிக்காது, அனுப்பி வைப்பதும் எளிது. ஆனால் காற்றில் வளர்ந்த இலையின் அமைப்பு வேறு. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் காக்க அதன் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். கரியமில வாயுவை உள்ளே இழுக்க இலைத்துளைகள் இருக்கும். தன் எடையைத் தானே தாங்கும் உறுதியும் இருக்கும். அத்தகைய இலையை நீருக்குள் அமிழ்த்தினால், அது மூச்சுக்குத் திணறும் என்றே சொல்லலாம். வாயுக்கள் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகின்றன; சாதாரணமாகக் காற்றோடு தொடர்புள்ள நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவின் அளவும் லிட்டருக்கு அரை மில்லிகிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எனவே அந்தப் பழைய இலைகளைப் பராமரிப்பதில் செடிக்குப் பயனில்லை. அவற்றில் உள்ள சத்துகளை இயன்ற அளவு திரும்ப எடுத்துக்கொண்டு, மெல்லியதாய், குறுகலாய், நீரிலிருந்தே நேரடியாக உறிஞ்சக்கூடிய புதிய இலைகளை அது விடத் தொடங்குகிறது. அமேசான் ஸ்வார்ட்டின் பழைய இலை அகன்று முட்டை வடிவிலும், நீருக்குள் புதிதாக வரும் இலை நீண்டு ஈட்டி வடிவிலும் இருப்பதைக் கவனித்தால் இந்த மாற்றம் தெளிவாகப் புரியும். நம் ஊர் வாய்க்கால் ஓரங்களில் முள்ளோடு நிற்கும் நீர்முள்ளியும் தங்கள் தொட்டியிலுள்ள ஹைக்ரோஃபிலாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினத்துச் செடிகள் கரையிலும் நீரிலும் வாழப் பழகியவை என்பதால், ஹைக்ரோஃபிலா மிக விரைவில் சமாளித்துக்கொள்ளும்.

கிரிப்டோகோரைனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நம் நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலும் இதன் பல இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் மூழ்கியும், கோடையில் ஈரமணலில் வெளியே நின்றும் வாழ்கிற செடி இது. சூழ்நிலை மாறினால் இலைகள் முழுவதையும் கழித்துவிட்டு வேரில் சேமித்ததைக் கொண்டு மீண்டும் துளிர்ப்பது அதன் இயல்பு. கடைத் தொட்டியிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு வந்தாலும், நீரின் தன்மை மாறினாலும், விளக்கை மாற்றினாலும், ஏன், ஒரே தொட்டியில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பெயர்த்து நட்டாலும் அது இவ்வாறு செய்யக்கூடும். இரண்டு நாள்களில் மொத்தச் செடியும் கூழாகிவிடுவதைப் பார்த்துப் பயந்து பிடுங்கிவிடுபவர்கள் மிகப் பலர். அவர்கள் எறிந்தவற்றில் பெரும்பாலானவை உயிருள்ள செடிகள் என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

செடி உயிரோடு இருக்கிறதா என்பதை இலையைப் பார்த்துத் தீர்மானிக்காமல் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானியுங்கள். வேரும் தண்டும் சேரும் இடம் விரலுக்கு உறுதியாக இருந்தால், வேர்கள் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால், செடி பிழைத்திருக்கிறது. அந்த இடம் குழைந்து, நசுக்கினால் சேறு போல் வழிந்து, கெட்ட நாற்றம் அடித்தால் மட்டுமே அதை அகற்ற வேண்டும்.

கரைந்த இலைகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. அழுகும் இலை நீரில் அம்மோனியாவைச் சேர்க்கும். அது மீன்களுக்குக் கேடு. கூர்மையான கத்தரிக்கோலால் இலைக்காம்பை அடிமணலுக்குச் சற்று மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிதக்கும் துணுக்குகளைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஆனால் பாதி பச்சையாக உள்ள இலையை வெட்ட வேண்டியதில்லை. அதிலிருந்து செடி இன்னும் உணவு பெறுகிறது. இதற்குப் பிறகு செய்ய வேண்டிய முக்கியமான காரியம், எதையும் மாற்றாமல் இருப்பதுதான். செடியை இடம் பெயர்க்காமல், விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாமல், வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றி வாருங்கள். மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் நீரைப் பயன்படுத்துவதானால், அதிலுள்ள குளோரின் போகும்படி ஒரு நாள் முழுவதும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தோ, கடைகளில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சேர்த்தோ ஊற்றுங்கள். சில வாரங்களில் நடுவிலிருந்து சுருண்ட சிறு இலைகள் எழுவதைக் காண்பீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். கெட்டிலில் ஒரே மாதத்தில் வெள்ளைப் படிவு கட்டிவிடுகிறது. தொட்டி வைத்து ஓராண்டு ஆகிறது. செடிகள் முதலில் நன்றாகத்தான் இருந்தன. இப்போது பழைய இலைகளில் ஊசியால் குத்தியது போல் ஓட்டைகள் விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சளாகிறது. புதிதாக வரும் இலைகளோ வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கின்றன. நரம்பு மட்டும் பச்சை. உரக்கடையில் கேட்டபோது கொஞ்சம் யூரியா போடச் சொன்னார்கள். போடலாமா? கோடையில் தொட்டி நீர் விரைவாகக் குறைவதால் தினமும் ஒரு குடம் ஊற்றுகிறேன்.
– வாசகி, கருப்பூர்

பதில்: யூரியா வேண்டவே வேண்டாம், அம்மா. அது நீரில் சிதைந்து அம்மோனியாவாக மாறும். தங்கள் நீரைப் போன்ற காரத்தன்மை மிகுந்த நீரில் அந்த அம்மோனியா மீன்களைக் கொல்லும் வடிவத்திலேயே அதிகம் இருக்கும். அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி. ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

தங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல், எந்த இலை எப்படிக் கெடுகிறது என்பதைத் தாங்கள் பிரித்து எழுதியிருப்பதுதான். சில சத்துகளைச் செடி தனக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை அத்தகையவை. இவற்றில் ஒன்று குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் துளிருக்கு அனுப்பிவிடும். எனவே முதலில் கெடுவது முதிர்ந்த இலை. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் போன்றவற்றை ஒருமுறை இலையில் சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே நிற்க, துளிர்தான் வெளிறும் அல்லது முறுக்கிக்கொள்ளும். காப்பித் தோட்டத்திலும் எலுமிச்சை மரத்திலும் உழவர்கள் நோயைக் கண்டறிவது இதே முறையில்தான். நீருக்குள் இருப்பதால் செடியின் இலக்கணம் மாறிவிடுவதில்லை.

இதைக் கொண்டு பார்த்தால், தங்கள் தொட்டியில் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன. முதிர்ந்த இலைகளில் ஊசித்துளைகளும் அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையமும் தோன்றுவது சாம்பல் சத்துக் குறைவின் நன்கு அறியப்பட்ட அடையாளம். மீன்களின் கழிவும் மீதமாகும் தீனியும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு தந்துவிடுகின்றன. சாம்பல் சத்து அவற்றிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. ஓராண்டு நன்றாக இருந்து பிறகு குறை தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உரக்கடையில் 0-0-50 என்ற எண்ணோடு விற்கும், நீரில் கரையும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்கிக்கொள்ளுங்கள். 100 லிட்டர் நீருக்கு ஒரு கிராம் போட்டால் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம் கிடைக்கும். வாரம் ஒரு முறை, நீர் மாற்றிய பின், ஒரு குவளையில் முழுதும் கரைத்து ஊற்றினால் போதும். சிவப்பாக இருக்கும் சாதாரண வயல் பொட்டாஷைத் தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். அது பொட்டாசியம் குளோரைடு, கசடும் கலந்திருக்கும். மீன் மிகக் குறைவாகவும் செடி மிகுதியாகவும் உள்ள தொட்டிகளில் தழைச்சத்தும் பற்றாமல் போகும். அத்தகைய தொட்டிகளுக்கு மட்டும் 13-0-45 எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் ஏற்றது. தங்களுக்கு அது தேவையென்று தோன்றவில்லை.

இரண்டாவது குறை இரும்பு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் துளிர் வருவது அதன் அறிகுறி. கடினமான, காரத்தன்மையுள்ள நீரில் இரும்பு கரைந்த நிலையில் நிற்காமல் துருவாகப் படிந்துவிடுகிறது. எனவே தொட்டிக்குள் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. ஆணியை மணலில் புதைப்பது, இரும்புத் தூளைத் தூவுவது போன்ற வழிகளைச் சிலர் கேட்டு எழுதுகிறார்கள். அவற்றால் பயன் விளையாது. துருவாகப் படியாதபடி ஒரு கரிமச் சேர்மத்தோடு பிணைக்கப்பட்ட, செலேட் எனப்படும் இரும்புதான் நீரில் கரைந்து நிற்கும். அதிலும் மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, நீரின் பி.ஹெச். எனப்படும் அமில-கார அளவு 6.5-ஐத் தாண்டினால் பிடியை இழக்கத் தொடங்கும். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை ஓரளவு தாங்கும் என்பதால், தங்கள் ஊர் நீருக்கு அதைக் கேட்டு வாங்குவதே பொருத்தம். 11 சதவீத இரும்புள்ள டி.டி.பி.ஏ. தூளை 5 கிராம் எடுத்து அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒளி படாத பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லியை 100 லிட்டர் நீருக்கு ஊற்றினால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு சேரும். வாரம் இருமுறை போதுமானது. அமேசான் ஸ்வார்ட் போல வேரால் மிகுதியாக உண்ணும் செடிகளுக்கு, வேருக்கருகில் மணலுக்குள் புதைக்கும், ரூட் டேப் எனப்படும் உர மாத்திரையை இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வைப்பது இன்னும் நல்ல பலன் தரும்.

பலர் கடையில் சொன்னார்கள் என்று எப்சம் உப்பையும் சேர்க்கிறார்கள். அது மக்னீசியம் சல்பேட். தாங்கள் வசிப்பது வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் தாது வெட்டப்படும் பகுதிக்கு அருகில். அந்தக் கல்லே மக்னீசியம் கார்பனேட்தான். இப்படிப்பட்ட நிலத்தின் நீரில் மக்னீசியம் ஏற்கெனவே தாராளமாக இருக்கும் என்பதால், அதை மேலும் சேர்ப்பதில் பொருளில்லை.

தினமும் ஒரு குடம் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; அதில் இருந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. 40 டிகிரி வெயில் அடிக்கும் சேலத்துக் கோடையில், குறைந்த அளவை மறுபடியும் மறுபடியும் உவர்ப்பான கிணற்று நீரால் நிரப்பினால், மே மாத முடிவில் தொட்டி நீர் கிணற்று நீரைவிடப் பன்மடங்கு கடினமாகிவிடும். இலைகளின் மேல் வெள்ளையாகச் சொரசொரப்பான படிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆவியான இழப்பை ஈடுகட்ட ஆர்.ஓ. நீரையோ மழை நீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். வாரந்தோறும் பழைய நீரை வெளியேற்றி மாற்றும்போது, கிணற்று நீரும் ஆர்.ஓ. நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். முழுக்க முழுக்க ஆர்.ஓ. நீரில் தொட்டி வைப்பவர்களுக்கு எதிர்மாறான தொல்லை வரும்: சுண்ணாம்புச் சத்து இல்லாமல் துளிர்கள் முறுக்கிக்கொள்ளும், நத்தைகளின் ஓடு அரிக்கும். ஆகவே கலப்பதே சரி.

ஓட்டை விழுந்த இலை எந்த உரத்தாலும் மூடிக்கொள்ளாது. பலன் தெரிகிறதா என்பதைப் புதிதாக வரும் இலைகளில் மட்டுமே பார்க்க வேண்டும். அதற்கு மூன்று வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். முதலில் சாம்பல் சத்தைத் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து இரும்பைச் சேர்த்தால், எது எதைச் சரிசெய்தது என்பதும் தங்களுக்குத் தெரியவரும்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் குடியிருக்கிறோம். சேலத்தில் உள்ள என் தங்கை வீட்டிலிருந்து கொண்டு வந்த செடிகள் நவம்பர் வரை நன்றாக இருந்தன. மார்கழி பிறந்ததும் வளர்ச்சி நின்று, கிரிப்டோகோரைன் கரைந்து, கிழங்குள்ள அப்போனோஜெட்டன் ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாகிவிட்டது. அதே செடிகள் தங்கை வீட்டில் செழிப்பாக இருக்கின்றன. உரம் போதவில்லையா?
– வாசகி, ஏற்காடு

பதில்: உரம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. தங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் 13 டிகிரி வரை குளிர் இறங்குவது அங்கே வழக்கம். சூடேற்றும் கருவி இல்லாத தொட்டியின் நீரும் அதற்கேற்பக் குளிரும். கிரிப்டோகோரைன் போன்ற வெப்பமண்டலச் செடிகளுக்கு 22 முதல் 28 டிகிரி வரை உள்ள நீரே உகந்தது. தொட்டிக்கு ஏற்ற ஹீட்டர் ஒன்றைப் பொருத்தி 24 டிகிரியில் நிறுத்தினால் சிக்கலின் பெரும் பகுதி தீரும். மலையில் மின்சாரம் அடிக்கடி நின்று வருமானால், பகலுக்கும் இரவுக்கும் இடையே ஏற்படும் ஏற்ற இறக்கமே செடியைக் கூடுதலாக வருத்தும். அப்போது தொட்டியின் மூன்று பக்கங்களிலும் தெர்மோகோல் அட்டை ஒட்டி வெப்பம் வெளியேறாமல் தடுப்பது நல்லது. ஹீட்டர் வேண்டாம் என்றால், குளிரைத் தாங்கும் செடிகளாகத் தேர்ந்தெடுங்கள்; வாலிஸ்நேரியா, ஜாவா பாசி, ஹார்ன்வோர்ட் ஆகிய மூன்றும் தங்கள் ஊர்க் குளிரில் மெதுவாகவேனும் வளரும்.

அப்போனோஜெட்டனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் ஊர்க் குளங்களில் அல்லியோடும் நெய்தலோடும் சேர்ந்து வளரும் கொட்டி, இந்தப் பேரினத்துச் செடிதான். குளம் வற்றும்போது இலைகளைக் கழித்துவிட்டுக் கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, மழை வந்ததும் மீண்டும் தழைக்கும். தொட்டிக்குள் நீர் வற்றாவிட்டாலும் அந்தப் பருவ உறக்கம் அதன் உடலில் ஊறிய வழக்கம். கிழங்கை எடுத்து அழுத்திப் பாருங்கள்; கெட்டியாக இருந்தால் அப்படியே மணலில் பாதி புதையுமாறு வைத்துவிட்டு, ஓரிரு மாதம் பொறுத்திருங்கள். உறங்கும் கிழங்குக்கு உரம் போடுவது பாசிக்கு உரம் போடுவதாகத்தான் முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. சோப்பு போட்டால் நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் படிவு விடாது. தங்கள் வீட்டு நீரும் அப்படியே இருந்தால், கருப்பூர் வாசகிக்கு வேண்டாம் என்று மேலே சொன்ன எப்சம் உப்பு தங்களுக்குப் பயன்படலாம். வெப்பம் சரியான பிறகும் முதிர்ந்த இலைகளில் நரம்புக்கிடையே மஞ்சள் தொடர்ந்தால், 100 லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் வாரம் ஒரு முறை சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்ததால் கல் உப்பும் நீல மருந்தும் போட்டேன். மீன்கள் பிழைத்துவிட்டன. செடிகள் எல்லாம் கருத்துப் போயின. பிறகு வளர்ச்சிக்காகக் கடையில் கொடுத்த திரவக் கார்பனை ஊற்றினேன். மிச்சமிருந்த வாலிஸ்நேரியாவும் கரைந்துவிட்டது.
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: நோயுற்ற மீனைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, அங்கே உப்போ மருந்தோ கொடுப்பதே முறை. லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் என்று உப்பைப் போடும்போது மீன் தாங்கிக்கொள்கிறது. நன்னீர்ச் செடிகளில் பல தாங்குவதில்லை, ஏனெனில் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியிலுள்ள உப்பு இழுத்துவிடுகிறது. மெத்திலீன் நீலம் செடிகளைப் பாதிப்பதோடு, மீன் கழிவைச் சுத்திகரிக்கும் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் அழிக்கும். உப்பு தானாக ஆவியாகிப் போகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் கால் பங்கு வீதம் நீரை மாற்றித்தான் அதைக் குறைக்க முடியும்.

திரவக் கார்பன் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை குளூட்டரால்டிஹைடு கலந்தவை. அது மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் வேதிப்பொருள். பாசியை ஒடுக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் வாலிஸ்நேரியாவும் எலோடியா வகைகளும் அதை ஏற்பதில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது அந்தப் பாட்டிலை எட்டும் இடத்தில் வைப்பதையே நான் விரும்பமாட்டேன். வாலிஸ்நேரியாவின் ஓடுதண்டுகள் மணலுக்குள் உயிரோடு இருக்கலாம். மணலைக் கிளறாமல் ஒரு மாதம் விட்டு வையுங்கள்.

கேள்வி: ஜாவா ஃபெர்ன் இலைகளின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அனுபியாஸ் இலைகள் அடியோடு கழன்று வருகின்றன. இரண்டையும் மணலில் நன்றாக ஊன்றித்தான் வைத்திருக்கிறேன்.
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: நன்றாக ஊன்றியதுதான் தொல்லை, அம்மா. இவ்விரு செடிகளுக்கும் இலைகளும் வேர்களும் கிளம்பும் தடித்த கிடைத்தண்டு ஒன்று உண்டு. அது மணலுக்குள் புதைந்தால் காற்றோட்டமின்றி அழுகும். உடனே வெளியே எடுத்து, குழைந்த பகுதியை வெட்டிவிட்டு, மீதியைக் கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டி வையுங்கள். ஃபெர்ன் இலையின் அடியில் ஒழுங்கான வரிசையில் உள்ள புள்ளிகள் நோயாக இருக்க வாய்ப்பில்லை, அவை வித்துக்கூடுகள். அந்த முதிர்ந்த இலைகளின் மேலேயே குட்டிச் செடிகளும் முளைக்கும் என்பதால், கருத்துப் போகிறதே என்று அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

கேள்வி: தண்டுச் செடிகளின் உச்சி அடர்த்தியாக இருக்கிறது, கீழ்ப்பகுதி முழுவதும் இலையின்றி வெறும் குச்சியாகிவிட்டது. தொட்டியில் நத்தைகள் நிறைய. அவைதான் தின்றுவிடுகின்றனவா?
– வாசகர், ஓமலூர்

பதில்: நத்தைகளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுத் தொட்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் சிறு நத்தைகள், ஏற்கெனவே மடியத் தொடங்கிய இலையைத்தான் பெரும்பாலும் தின்னும். ஆரோக்கியமான இலையை அவை விட்டுவிடும். அவை மிகுதியாகப் பெருகியிருப்பது, தீனி அதிகமாகப் போடப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. கீழ் இலைகள் உதிர்வதற்குக் காரணம் நிழல். மேலே அடர்ந்த உச்சிகள் ஒளி முழுவதையும் வாங்கிக்கொள்வதால், தன் செலவுக்குக்கூட உணவு தயாரிக்க முடியாத கீழ் இலைகளைச் செடி கைவிடுகிறது. உச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழே உள்ள இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி, மணலில் செருகுங்கள். அது புதுச் செடியாகிவிடும். பழைய குச்சியில் வேர் வலுவாக இருந்தால் அதையும் விட்டு வையுங்கள், பக்கக் கிளைகள் வரும். தண்டுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விட்டு நடுவது அவசியம்.

கேள்வி: வெட்டிய இலைகளையும் தண்டுகளையும் மூக்கனேரியில் விட்டுவிடலாமா? அங்கே வளர்ந்து பயன்படட்டுமே என்று நினைக்கிறேன்.
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: தங்கள் எண்ணம் நல்லது, ஆனால் ஓர் இணுக்கைக்கூட ஏரியில் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் ஏரிகளை எப்படி மூடிக் கிடக்கிறது என்பதை நாம் அனைவரும் பார்க்கிறோம். கபோம்பா போன்ற தொட்டிச் செடிகளும் ஒரு கணு கிடைத்தால் போதும், பற்றிக்கொண்டு பரவும் தன்மையுடையவை. ஏற்காடு ஏரிக்கும் மலையோடைகளுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். மேலே விட்டது ஓடை வழியே கீழே உள்ள நீர்நிலைகளுக்கு வந்து சேரும். வெட்டியவற்றை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காய வைத்த பின், மக்கும் குப்பையோடு சேர்த்துவிடுங்கள். நத்தை முட்டைகளும் அந்த வெயிலில் அழிந்துவிடும். உப்போ மருந்தோ கலக்காத பழைய தொட்டி நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கும் செம்பருத்திக்கும் தாராளமாக ஊற்றலாம். மீன் கழிவிலிருந்து சேர்ந்த தழைச்சத்து அதில் நிறைய இருக்கிறது.